உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்பார். அடுத்த வாரம் வேறொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். சபைக்குச் சபை கருத்து மாறும் இடங்களில் அதை மறைக்கவில்லை. என் கருத்து எது என்பதையும் சொல்லியிருக்கிறேன். மேற்கோள் வசனங்கள் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

1. நித்திய ஜீவன்னா, செத்த பிறகு ஆத்துமா மோட்சத்துக்குப் போறது. அவ்வளவுதானே?

இல்லை. உடம்பு மண்ணுக்கு, ஆத்துமா மேலே, அதோடு முடிந்தது என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புதிய ஏற்பாடு அதோடு நிற்பதில்லை. மரித்தவர்களைத் தேவன் உடலோடு எழுப்புவார், வானத்தையும் பூமியையும் புதிதாக்குவார், அங்கே தம் மக்களோடு தாமே குடியிருப்பார் என்பதுதான் முழு நம்பிக்கை. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை. புதிய எருசலேம்தான் கீழே இறங்கி வருகிறது. 381ஆம் ஆண்டு முதல் சபை அறிக்கையிட்டு வரும் நிசேயா விசுவாசப் பிரமாணமும் "மரித்தோரின் உயிர்த்தெழுதல், வரப்போகும் உலகத்தின் வாழ்வு" என்ற எதிர்பார்ப்போடுதான் முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. நித்திய ஜீவன் சாவுக்குப் பிறகு தொடங்குவதல்ல. இயேசு தம் பிதாவிடம் ஜெபிக்கும்போது, உம்மையும் நீர் அனுப்பினவரையும் அறிவதே நித்திய ஜீவன் என்கிறார் (யோவான் 17:3). விசுவாசிக்கிறவன் ஏற்கெனவே "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்" என்கிறார் (யோவான் 5:24). தேவனோடு இன்று உள்ள உறவைச் சாவு அறுக்க முடியாது. அந்த உறவு ஒரு நாள் உடலையும் மீட்டெடுக்கும்.

2. அப்போ இது மறுபிறவி மாதிரியா?

இல்லை. மறுபிறவியில் உயிர் வேறொரு உடலை எடுத்து, வேறொருவராக, பழைய பெயரும் நினைவும் இல்லாமல் மறுபடி வாழ்ந்து மறுபடி இறக்கிறது. உயிர்த்தெழுதலில் நீங்கள் நீங்களாகவே எழுகிறீர்கள், ஒரே ஒரு முறை, இனி சாவில்லாமல். "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்கிறது எபிரெயர் 9:27.

உடலைப் பற்றிய பார்வையும் வேறு. உயிர் உடலிலிருந்து விடுபடுவதே விடுதலை என்று வேதம் சொல்வதில்லை. உடல் தேவன் படைத்தது, நல்லது என்று அவரே சொன்னது. அதை அவர் தூக்கி எறிவதில்லை, மீட்கிறார்.

3. லாசருவும்தான் எழுந்து வந்தார். இயேசு எழுந்ததில் என்ன புதுசு?

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு மறுபடி செத்தார். நாயீன் ஊர் விதவையின் மகன், யவீருவின் மகள், பேதுரு எழுப்பிய தபீத்தாள் எல்லோரும் அப்படித்தான். அவர்கள் இதே வாழ்க்கைக்குத் திரும்பி வந்தவர்கள். இயேசு திரும்பி வரவில்லை. சாவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை" என்று ரோமர் 6:9 சொல்லும் வித்தியாசம் இதுதான்.

யோவான் இந்த இரண்டு கல்லறைகளையும் வர்ணிக்கும் விதத்தைக் கவனியுங்கள். லாசரு வெளியே வரும்போது கைகால்கள் பிரேதத் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன, முகத்தில் சீலை சுற்றியிருக்கிறது. மற்றவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. இயேசுவின் கல்லறையிலோ துணிகள் அங்கேயே கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த சீலை மட்டும் தனியாக ஓரிடத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. யாரும் அவிழ்த்துவிடவில்லை. இனி அந்தத் துணிகளுக்கு அவரிடம் வேலையும் இல்லை.

அதனால்தான் பவுல் அவரை "முதற்பலன்" என்கிறார். அவருக்கு நடந்தது அவரோடு முடிந்துவிடாமல், பின்னால் வரப்போகும் முழு அறுவடையின் தொடக்கமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

4. அவர் நிஜமாவே எழுந்தார்னு எதை வச்சு சொல்றீங்க?

இதைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். பவுலே "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 15:14). ஆகவே கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

நம்மிடம் உள்ள பழைய எழுத்துச் சாட்சி அதே அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் அதை கி.பி. 55 வாக்கில் எழுதினார். சிலுவை மரணம் நடந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அங்கே அவர் சொல்வது தாமே இயற்றிய ஒன்றல்ல, தமக்கு ஒப்புவிக்கப்பட்ட செய்தி. கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவின் இன்னொரு பெயர்) பன்னிருவருக்கும் 500க்கு மேற்பட்டவர்களுக்கும் யாக்கோபுக்கும் தரிசனமானார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். இதற்கு முன்பே அவர் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியிருக்கிறார், யாக்கோபையும் பார்த்திருக்கிறார் (கலாத்தியர் 1:18, 19). யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் வாயாலேயே கேட்டவர்.

பெண்களின் சாட்சியும் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களிலும் காலியான கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். அந்தக் காலத்து யூத சமுதாயத்தில் பெண்ணின் சாட்சியத்துக்கு மதிப்பு குறைவு. சீஷர்களே அவர்கள் பேச்சை "வீண்பேச்சு" என்று ஒதுக்கியதாக லூக்கா எழுதுகிறார். கதை கட்டுபவர் தன் முக்கிய சாட்சிகளாக அவர்களை வைத்திருக்க மாட்டார். இவையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டும் நிரூபணம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விசுவாசம் காற்றில் தொங்கவில்லை, காலூன்ற இடம் இருக்கிறது என்று காட்ட இவை போதும்.

5. துக்கத்துல இருந்தவங்க ஏதோ மாயத்தோற்றம் கண்டிருக்கலாமே?

துக்கத்தில் ஒருவருக்கு அப்படித் தோன்றலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மாயத்தோற்றம் ஒவ்வொருவர் மனதிலும் தனித்தனியாக எழுவது. கூட்டமாக இருந்தவர்கள் கண்டதை அது விளக்காது. துக்கப்படாதவர்களும் கண்டிருக்கிறார்கள். இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. அவர்களில் ஒருவரான யாக்கோபு பிறகு எருசலேம் சபையின் தலைவரானார். 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்று யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பு பதிவு செய்திருக்கிறார். பவுலோ சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்தவர். இந்த இருவருக்கும் அப்படி ஒரு ஏக்கம் இருந்திருக்க வழியில்லை.

லூக்கா 24இல் சீஷர்களே இந்தச் சந்தேகத்தைப் பட்டார்கள். ஆவியைப் பார்க்கிறோம் என்று நடுங்கினார்கள். இயேசு கைகால்களைக் காட்டினார், அப்போதும் நம்பமுடியாமல் நின்றவர்களிடம் "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண் முன்னால் சாப்பிட்டார்.

6. பழைய ஏற்பாட்டுல உயிர்த்தெழுதலே கிடையாதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். உண்மையா?

குறைவாக இருக்கிறது என்றால் ஒத்துக்கொள்ளலாம். கிடையவே கிடையாது என்பது சரியல்ல. தானியேல் 12:2இல் மண்ணின் தூளில் நித்திரை செய்கிறவர்கள் விழித்தெழுவதாகத் தெளிவாகவே வருகிறது. ஏசாயா 26:19ஐயும் யோபு 19:25ஐயும் பாருங்கள். உலர்ந்த எலும்புகளைப் பற்றிய எசேக்கியேல் 37 இஸ்ரவேல் ஜனத்தின் மீட்சியைத்தான் முதலாவது சொல்கிறது; ஆனாலும் அந்தக் காட்சியே ஒரு நம்பிக்கையை விதைத்துவிட்டது.

இயேசுவின் காலத்து யூத மதப் பிரிவினரில் பரிசேயர் இதை நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். மோசேயின் நூல்களில் காட்டு பார்க்கலாம் என்பது சதுசேயரின் சவால். இயேசு அந்த நூல்களிலிருந்தே பதில் சொன்னார்: எரியும் முட்செடியில் தேவன் மோசேயிடம் "நான் ஆபிரகாமின் தேவன்" என்று தம்மை அறிமுகப்படுத்தும்போது ஆபிரகாம் இறந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. தம் பெயரோடு சேர்த்துச் சொன்ன ஒருவரைத் தேவன் சாவின் கையில் விட்டுவிடுவாரா? அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார் என்று முடித்தார் (மாற்கு 12:26, 27).

7. எழுந்திருக்கும்போது எப்படிப்பட்ட உடம்பு? இதேதானா, வேறயா?

கொரிந்து சபையாரும் இதையேதான் கேட்டார்கள். பவுல் விதையைக் காட்டினார். விதைத்ததும் முளைத்ததும் பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை. ஆனால் இது அதிலிருந்துதான் வந்தது. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." தொடர்ச்சியும் உண்டு, மாற்றமும் உண்டு.

பவுல் அங்கே "ஆவிக்குரிய சரீரம்" என்கிறார். பலர் இதைப் புகை மாதிரி, நிழல் மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. தேவனுடைய ஆவியால் முழுவதும் உயிர் பெற்று நடக்கும் உடல் அது. மாதிரி வேண்டுமென்றால் எழுந்த இயேசுவையே பாருங்கள். ஐந்தாம் பதிலில் சொன்னபடி சாப்பிட்டார், தொட்டுப் பார்க்கச் சொன்னார். பூட்டிய அறைக்குள்ளும் வந்து நின்றார். நம் உடலையும் அவருடைய மகிமையான உடலுக்கு ஒப்பாக மாற்றுவார் என்பது பிலிப்பியர் 3:21.

8. உடலை எரிச்சுட்டா? கடல்ல போய் உடல் கிடைக்காதவங்க எப்படி எழுவாங்க?

எழுவார்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தல் 20:13 தனியாகவே சொல்லியிருக்கிறது. புதைத்த உடலும் காலப்போக்கில் மண்ணாகித்தான் போகிறது. நெருப்பு அதே வேலையைச் சீக்கிரம் செய்துவிடுகிறது, அவ்வளவுதான்.

177இல் லியோன் நகரில் இரத்தசாட்சிகளைக் கொன்றவர்கள், இவர்கள் உயிர்த்தெழக்கூடாது என்றே உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். பழைய சபை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. சபை அதனால் கலங்கி நம்பிக்கையை விடவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சாம்பல் ஒரு தடையா?

நடைமுறையில் கிறிஸ்தவர்கள் தொடக்கத்திலிருந்தே அடக்கம் செய்வதையே விரும்பினார்கள். இயேசு அடக்கம் பண்ணப்பட்டார் என்பதே காரணம். கத்தோலிக்க சபை 1963இல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் மறுபடி அறிவுறுத்தியது. புரோட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் குடும்பத்தின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தகனத்தை ஏற்பதில்லை. உறுப்பு தானம் பற்றியும் இதே கவலையோடு கேட்கிறார்கள்: தாராளமாகச் செய்யலாம். கண்ணைக் கொடுத்தவர் கண்ணில்லாமல் எழுவாரோ என்று பயப்பட வேண்டாம்.

9. சரி, உயிர்த்தெழுதல் கடைசி நாள்ல. என் அம்மா இப்போ எங்கே இருக்காங்க?

கிறிஸ்துவோடு இருக்கிறார்கள். இதைத் தயங்காமல் சொல்வேன். பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பது அதிக நன்மை என்று பவுல் எழுதினார் (பிலிப்பியர் 1:23). ஆனால் அது முடிவான நிலை அல்ல. அவர்களும் உயிர்த்தெழுதலை எதிர்நோக்கித்தான் இருக்கிறார்கள். முதல் பதிலில் சொன்ன குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது: நடுவில் உள்ள தங்குமிடத்தையே கடைசி வீடு என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் போன்ற சிலர், மரித்தவர்கள் கடைசி நாள் வரை உணர்வில்லாத நித்திரையில் இருக்கிறார்கள் என்று நம்புகிறார்கள். வேதம் சாவை நித்திரை என்று சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நான் மேலே காட்டிய வசனங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. எப்படியானாலும், உங்கள் அம்மா தொலைந்துபோகவில்லை என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை.

10. இறந்தவங்களுக்காக ஜெபிக்கலாமா?

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஜெபிக்கிறார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் 12ஆம் அதிகாரம் அதற்கு ஆதாரம். கிறிஸ்துவில் மரித்தவர்களுக்கும் ஒரு சுத்திகரிப்பு உண்டு என்று கத்தோலிக்க சபை போதிக்கிறது. நவம்பர் 2 அவர்களுக்கான நினைவு நாள். புரோட்டஸ்டண்டு சபைகளுக்கு அந்த நூல் வேதத்தின் பகுதி அல்ல. கிறிஸ்துவின் பலி ஒன்றே போதும் என்று சொல்லி அவை சுத்திகரிப்பு நிலையை மறுக்கின்றன. அங்கே இறந்தவர்களுக்காக நன்றி செலுத்துவார்கள், அவர்களுக்காக மன்றாட மாட்டார்கள்.

11. நம்பிக்கை இருக்குன்னா அழக் கூடாதா? அழுதா அவிசுவாசம்னு சொல்றாங்க.

அப்படிச் சொல்பவர்கள் யோவான் 11ஐ மறுபடி படிக்க வேண்டும். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பவும் போகிறார். அப்படியிருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். கல்லை எடுக்கச் சொன்னபோது மார்த்தாள் "இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்றாள். அந்த நாற்றத்தை இல்லையென்று யாரும் சொல்லவில்லை. சாவு எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர் அங்கே நின்று அழுதார்.

பவுலும் துக்கப்படாதீர்கள் என்று எழுதவில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றார். சாவை அவர் ஒருபோதும் நண்பன் என்று சொன்னதில்லை. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்." சத்துரு வீட்டுக்குள் வந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்போது அழுவது அவிசுவாசம் ஆகாது.

அதனால் துக்கம் விசாரிக்கப் போனால் "அழாதீங்க, அவங்க நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "தேவனுக்கு அவங்க தேவைப்பட்டாங்க" என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள்; தாயை இழந்த பிள்ளைக்கு அந்த வார்த்தை தேவனையே பகையாளியாக்கிவிடும். பக்கத்தில் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்களாகக் கேட்டால் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லுங்கள்.

12. அங்கே ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியுமா?

தெரியும் என்றே நம்புகிறேன். மகதலேனா மரியாள் எழுந்த இயேசுவை முதலில் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். எம்மாவுக்குப் போன இருவர் அவர் அப்பத்தைப் பிட்டபோது கண்டுகொண்டார்கள். தோமா காயங்களைப் பார்த்துக் கண்டுகொண்டார். பார்த்த மாத்திரத்தில் தெரியாத அளவுக்கு மாறியிருந்தார், ஆனால் அவர் அவரேதான். இரண்டாம் பதிலில் சொன்ன "நீங்கள் நீங்களாகவே" என்பது இதுதான்.

13. மனைவி இறந்து மறுமணம் செஞ்சவர் அங்கே யாரோட கணவர்?

சதுசேயர் இயேசுவை மடக்கக் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான். அவர்கள் கதையில் ஒரு பெண், ஒருவர் பின் ஒருவராக ஏழு சகோதரர்களை மணக்கிறாள். உயிர்த்தெழுந்தவர்கள் பெண் கொள்வதும் இல்லை, பெண் கொடுப்பதும் இல்லை, இனி அவர்கள் மரிக்கவும் மாட்டார்கள் என்று இயேசு பதில் சொன்னார் (லூக்கா 20:34-36).

இதைக் கேட்டு நல்ல தாம்பத்தியத்தில் வாழ்ந்தவர்கள் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். திருமணம் இல்லை என்று சொன்னாரே தவிர, அன்பு இல்லை என்று சொல்லவில்லை. "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்ற வசனமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இரண்டு மனைவியரில் யாரை அதிகம் நேசித்தாய் என்ற போட்டிக்கு அங்கே இடம் இருக்காது என்பதே எனக்கு ஆறுதலாகப் படுகிறது.

14. என் தம்பி பிறவியிலேயே நடக்க முடியாதவன். அவன் எப்படி எழுவான்? குழந்தையா இறந்தவங்க குழந்தையாவே இருப்பாங்களா?

பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும் என்ற வாக்கு உங்கள் தம்பிக்கும்தான். வேதனையும் தடையும் இருக்காது. அதே சமயம் இயேசுவின் உடலில் ஆணிக் காயங்கள் எழுந்த பிறகும் இருந்தன. அவை வலியாகவோ அவமானமாகவோ இல்லை, அவருடைய அடையாளமாக இருந்தன. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தேவன் துடைத்துவிட்டுப் புதிதாக ஒருவரைச் செய்வதில்லை. அதனால் உங்கள் தம்பியிடம் நீங்கள் நேசிக்கும் எதுவும் காணாமல் போகாது.

வயதைப் பற்றி வேதம் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் இதை யோசித்து, எல்லோரும் ஏறக்குறைய 30 வயதின் நிறைவோடு எழுவார்கள் என்று கருதினார். அது அவருடைய ஊகம். குறைப்பட்டு நின்ற எதுவும் குறையாகவே இருந்துவிடாது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன்.

15. முடிவே இல்லாம வாழ்ந்தா சலிச்சுப் போகாதா?

இதே வாழ்க்கையை நீட்டிக்கொண்டே போனால் சலிக்கும். ஆனால் வாக்களிக்கப்பட்டது அதுவல்ல. முடிவில்லாத ஒருவரை அறிந்துகொண்டே இருப்பதுதான் நித்திய ஜீவன் என்று முதல் பதிலில் பார்த்தோம். சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை: "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்கிறது வேதத்தின் கடைசி அதிகாரம். வேலை இருக்கும், நம்மை நசுக்கும் வேலையாக இருக்காது.

16. எப்பவோ நடக்கப் போறதை நம்பிட்டு, இங்கே நடக்கிற அநியாயத்தைக் கண்டுக்காம இருந்துடுவோமே?

ஆத்துமா தப்பித்துப் போனால் போதும் என்று நம்பினால் அந்த ஆபத்து உண்டு. உடலைத் தேவன் எழுப்பப் போகிறார் என்று நம்பினால், இன்று பசிக்கும் உடலையும் அடிபடும் உடலையும் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? இந்தப் பூமியே விடுதலைக்காக ஏங்கித் தவிக்கிறது என்று ரோமர் 8 சொல்லும்போது அதைப் பாழாக்க மனம் வருமா?

1 கொரிந்தியர் 15இல் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி 57 வசனங்கள் எழுதிவிட்டு 58ஆம் வசனத்தில் வந்து நிற்கும் இடம், கர்த்தருக்குள் நீங்கள் படும் பிரயாசம் விருதாவாகாது என்பதுதான். நீதிக்காகப் போராடித் தோற்றுப்போனவர்களின் வேலையும் அதில் அடங்கும்.

17. எப்போ நடக்கும்? தேதி சொல்றாங்களே.

சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிட்டார் (மத்தேயு 24:36). அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதியைக் குறித்துக் காத்திருந்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. பலர் விசுவாசமே உடைந்துபோனார்கள்.

18. எல்லாருமே எழுவாங்களா? அப்போ நரகம்?

எல்லோரும் எழுவார்கள். நன்மை செய்தவர்கள் ஜீவனுக்கும், தீமை செய்தவர்கள் ஆக்கினைக்கும் என்று யோவான் 5:29 சொல்கிறது. நியாயத்தீர்ப்பு என்றாலே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பக்கமிருந்து கொஞ்சம் பாருங்கள். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே முடிவு, கேட்பாரில்லை என்றால் அதைவிடப் பயங்கரம் வேறென்ன?

நரகத்தின் தன்மை பற்றிச் சபைக்குள் மூன்று கருத்துகள் உண்டு. அது முடிவில்லாத பிரிவு என்பது பெரும்பாலான சபைகளின் போதனை. கெட்டவர்கள் இறுதியில் இல்லாமலே போய்விடுவார்கள் என்பது இன்னொன்று. நான்காம் நூற்றாண்டு நிசாவின் கிரகோரியார் போன்ற சிலர், கடைசியில் எல்லோரும் சீர்ப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இயேசுவின் எச்சரிக்கைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளத் துணியமாட்டேன். அதே சமயம் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லும் அதிகாரம் நம் ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை.

19. ஞானஸ்நானம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே எங்க குழந்தை போயிடுச்சு...

சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வர இடங்கொடுங்கள் என்று சொன்னவரின் கையில் உங்கள் குழந்தை இருக்கிறது. தாவீதின் குழந்தை பெயரிடும் முன்பே இறந்ததுபோல்தான் தெரிகிறது. "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை" என்றான் அவன். முன்பு சிலர் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தனி இடம் உண்டு என்று சொல்லித் தாய்மாரை வதைத்தார்கள். கத்தோலிக்க சபையின் சர்வதேச இறையியல் ஆணையமே 2007இல், அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியிருக்கிறது.

20. இயேசு பெயரையே கேட்காம வாழ்ந்து செத்தவங்க?

மீட்பு யாருக்குக் கிடைத்தாலும் கிறிஸ்து மூலமாகத்தான் கிடைக்கிறது என்று நம்புகிறோம். கேள்விப்படாதவர்களைத் தேவன் எப்படி நியாயந்தீர்ப்பார்? அவர்கள் மனச்சாட்சியில் எழுதப்பட்டதைப் பற்றி ரோமர் 2:14-16 பேசுகிறது. தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள், உண்மையான மனதோடு தேவனைத் தேடினால் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் போதித்தது. சுவிசேஷ சபைகள் பல இதை ஏற்காது. ஆபிரகாமின் கேள்வியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?"

21. தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு நம்பிக்கையே இல்லைன்னு சொல்லி வளர்த்தாங்க. நிஜமா?

வேதத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. உயிரை மாய்ப்பது தவறு என்று சபை எப்போதும் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் மனநோயும் தாங்கமுடியாத பயமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க மாட்டாது என்ற ரோமர் 8இல், அந்த மரணம் மட்டும் விலக்கு என்று பவுல் எழுதவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் வந்துகொண்டிருந்தால், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை.

22. எல்லாம் கேட்டுட்டேன். ஆனா மனசு முழுசா நம்ப மாட்டேங்குது. நான் என்ன பண்றது?

மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், எழுந்த இயேசு மலையில் எதிரே நிற்கிறார். அவரைப் பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சிலரை அவர் திருப்பி அனுப்பவில்லை. உலகமெங்கும் போங்கள் என்ற கட்டளையும், முடிவுபரியந்தம் உங்களோடு இருக்கிறேன் என்ற வாக்கும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே முழு நிச்சயம் வந்த பிறகுதான் அவரிடம் போவேன் என்று தள்ளிப்போடாதீர்கள். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கேட்ட தகப்பனின் மகன் சுகமானான் (மாற்கு 9:24). 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. அப்புறம் யோவான் 20, 21. இடறும் இடத்தில் கோடு போட்டு வைத்து, விசுவாசத்தில் உங்களைவிடப் பழகிய ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.